மெயில் நம்பர் தீந்துபோகுமா?

போன மாசம் ஒருநாள் காலைல கோவில் ஆபீஸ்ல இருந்து பொருளாளர் மாமா போன் பண்ணாரு. "தம்பி, பழைய மெயில் பூராவும் திரும்ப வந்து கொட்டுதுப்பா, மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த தைப்பூச நோட்டீஸ்கூட புதுசு மாதிரி தடிச்ச எழுத்துல நிக்குது, மெயில் நம்பர் ஃபுல்லாகி மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிருச்சாமே, பசங்க சொல்றாங்க" அப்படின்னாரு. நான் அப்பதான் ரங்கூன் டவுன்ல ஒரு லபெயே கடைல, அதான் பர்மா டீக்கடைல, உக்காந்திருந்தேன், டீ ஆறிப்போச்சு, பேசி முடிக்கவே இல்ல.

இந்த "நம்பர் ஃபுல்லாயிருச்சு" கதை எனக்குப் புதுசு இல்ல. சிம் வேலை செய்யலைன்னா நம்பர் ஃபுல், மெயில் வரலைன்னா நம்பர் ஃபுல், எதுக்கெடுத்தாலும் இதையே சொல்றாங்க. சொல்றவங்க முழுசா தப்பும் இல்ல, கம்ப்யூட்டர்ல நம்பர் தீர்றதுன்னு ஒண்ணு நெஜமாவே இருக்கு, சில எடத்துல நடந்தும் இருக்கு. ஆனா நம்ம கோவில் மெயில்ல நடந்தது அது இல்ல. ரெண்டையும் பிரிச்சு சொல்லலாம்னுதான் எழுதுறேன், கம்ப்யூட்டர் படிக்காதவங்களுக்கும் புரியிற மாதிரி.

மொதல்ல மைல் மீட்டர்

பழைய காருல ஸ்டீரிங் பின்னாடி ஓடுன தூரம் காட்டுற மீட்டர் இருக்கும், சின்னச் சின்ன சக்கரத்துல நம்பர் உருளும். அஞ்சு சக்கரம் இருந்தா 99999 வரைக்கும் காட்டும். அதுக்கு மேல ஒரு மைல் ஓடினா என்ன ஆகும்? 100000-ன்னு காட்ட ஆறாவது சக்கரம் கெடையாது, அதனால எல்லாம் உருண்டு 00000-க்கு வந்திரும். வண்டி என்னமோ ஒரு லட்சம் மைல் ஓடிக் களைச்ச வண்டிதான், மீட்டரை மட்டும் பாத்தா ஷோரூம்ல இருந்து இப்பதான் எறக்கின மாதிரி இருக்கும். பழைய வண்டி விக்கிறவங்களுக்கு இது ஒரு வரம், அந்தக் கதை வேற.

எழுத இருக்குற எடத்தை விட நம்பர் பெருசாகி இப்படி வழிஞ்சுபோறதுக்குப் பேருதான் ஓவர்ஃப்ளோ. கவனிங்க, வண்டி நிக்கல, மீட்டர் உடையல. தப்பான நம்பரைக் காட்டிக்கிட்டு சத்தமில்லாம ஓடிக்கிட்டே இருக்கும். ஆபத்தே அதுலதான் இருக்கு.

கம்ப்யூட்டருக்கு எத்தனை சக்கரம்

கம்ப்யூட்டர்லயும் இதே சக்கரம்தான், ஆனா ஒவ்வொரு சக்கரத்துலயும் 0, 1 ரெண்டே நம்பர். அந்த ஒரு சக்கரத்துக்குப் பேரு பிட். 8 பிட் சேந்தா 0-ல இருந்து 255 வரைக்கும் எழுதலாம், 16 பிட்னா 65,535 வரைக்கும். ரொம்ப காலமா புரோகிராம் எழுதுறவங்க சும்மா ஒரு நம்பர் வேணும்னா எடுக்குறது 32 பிட், அதுல 4,294,967,295 வரைக்கும் போகும், நம்ம கணக்குல சுமார் 429 கோடி.

இதுல ஒரு சின்ன சங்கதி இருக்கு. செட்டியாருங்க பேரேட்டுல வரவும் எழுதணும் கடனும் எழுதணும், அது மாதிரி கம்ப்யூட்டருக்கும் சில நேரம் மைனஸ் நம்பர் வேணும். அப்போ இருக்குற எடத்துல பாதியை மைனஸுக்குக் கொடுத்திரணும். மைனஸுக்கு எடம் ஒதுக்குன நம்பரை சைன்டுன்னும் ஒதுக்காததை அன்சைன்டுன்னும் சொல்றாங்க. 32 பிட் சைன்டுல மேல 2,147,483,647 வரைக்கும்தான், அதாவது 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம். அதுக்கு மேல ஒண்ணு கூட்டினா பெரும்பாலும் பூஜ்யத்துக்கு வராது, நேரா மைனஸ் 2,147,483,648-க்கு விழுந்திரும். கல்லாப்பெட்டி நெறைஞ்சு வழியிற அன்னைக்கு உங்க பேர்ல கடன் எழுதி வச்ச மாதிரி.

இதுவரைக்கும் வந்ததுல ரெண்டு மனசுல இருந்தா போதும், நம்பருக்கு எடம் அளவா இருக்கு, எடம் முடிஞ்சா அது பூஜ்யத்துக்கோ மைனஸுக்கோ தாவும். இனிமே கடுதாசிக்கு வருவோம்.

இன்வார்ட் நம்பர் வேற, கடுதாசியோட சொந்த அடையாளம் வேற

ஜனங்க குழம்புறது பாதி இங்கதான், அதனால இத கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

ஒரு கோவில் கும்பாபிஷேகம்னு வச்சுக்குங்க. அழைப்புக் கடுதாசி அடிச்சு ரங்கூன், பெகு, மோல்மேன்னு பல ஊர் கோவிலுக்கு அனுப்புறாங்க. எல்லாருக்கும் ஒரே கடுதாசி, மேல மூலைல அனுப்புனவங்க போட்ட கடித எண் ஒண்ணு இருக்கும். வந்து சேந்த எடத்துல ஒவ்வொரு ஆபீஸும் தன்னோட ரெஜிஸ்டர்ல ஒரு இன்வார்ட் நம்பர் போடும். ரங்கூன்ல 512, பெகுல 88, மோல்மேன்ல 140. கடுதாசி ஒண்ணு, இன்வார்ட் நம்பர் மூணு. பெகுக்குப் போன் போட்டு "512-ஆம் நம்பர் கடுதாசிய எடுத்துப் படிங்க"ன்னா அவங்க முழிப்பாங்க.

மெயில்லயும், இன்டர்நெட்ல குழுவா எழுதிப் படிக்கிற பழைய நியூஸ்குரூப்லயும் இதே கதைதான். ஒவ்வொரு செய்தியோட தலைப்புப் பகுதிலயும் மெசேஜ் ஐடின்னு ஒண்ணு இருக்கு, அது கடித எண் மாதிரி, ஒலகத்துல ரெண்டு செய்திக்கு ஒண்ணா இருக்கக் கூடாது. அது வெறும் நம்பர் இல்ல, எழுத்தும் இலக்கமும் கலந்து நடுவுல அட் குறி போட்ட ஒரு நீள வரி. ஒண்ணு ஒண்ணா கூட்டிக்கிட்டுப் போற எண்ணிக்கை இல்லங்கறதால அது தீர்றதுன்ற பேச்சுக்கே எடம் இல்ல. யாருக்கு யாரு பதில் எழுதுனாங்கன்னு கோத்து வைக்கிறதும் இந்த ஐடிய வச்சுத்தான்.

தீர வாய்ப்பு இருக்குறது ரெண்டாவது வகை, சர்வர், அதாவது செய்திய வாங்கி வச்சு நமக்குக் கொடுக்குற கம்ப்யூட்டர், தன் வசதிக்கு வரிசையா போடுற இன்வார்ட் நம்பர்.

நியூஸ்குரூப்ல நெஜமாவே தீந்துச்சு

சின்னப் பசங்களுக்கு நியூஸ்குரூப்னா என்னன்னே தெரியாது. ஃபேஸ்புக் எல்லாம் பொறக்குறதுக்கு முன்னாடி, ஏன் வெப்சைட்டுன்னு ஒண்ணு வர்றதுக்கும் முன்னாடி, 1979-ல அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழகத்துல டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ்னு ரெண்டு மாணவங்க யோசிச்சு வச்சது யூஸ்நெட், அடுத்த வருஷம் ஓட ஆரம்பிச்சது. தலைப்பு வாரியா குழு குழுவா பிரிச்சு எல்லாரும் எழுதலாம், படிக்கலாம். இதுக்குன்னு நடுவுல ஒரு தலைமை ஆபீஸ் கெடையாது, ஒவ்வொரு சர்வரும் பக்கத்து சர்வருக்கு நகல் கொடுக்கும், அது அடுத்ததுக்குக் கொடுக்கும், மேல சொன்ன கும்பாபிஷேக அழைப்பு மாதிரியே. அதனால ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு குழுவுக்கும் தன் சொந்த வரிசை நம்பரைப் போட்டுக்கும்.

நீங்க ஒரு குழுவைத் திறந்தா சர்வர் மூணு நம்பர் சொல்லும், சுமாரா எத்தனை செய்தி இருக்கு, இருக்குறதுல அடி நம்பர் எது, உச்ச நம்பர் எது. உங்க கம்ப்யூட்டர்ல இருக்குற படிக்கிற மென்பொருள் ஒரு சின்னக் குறிப்பு வச்சிருக்கும், இந்தக் குழுவுல 1-ல இருந்து 4210 வரைக்கும் படிச்சாச்சு, 4215-உம் படிச்சாச்சு, அப்படின்னு. சர்வர் உச்ச நம்பர் 4230-ன்னு சொன்னா, கழிச்சுப் பாத்து புதுசு இவ்வளவுன்னு காட்டும். எழுபது வயசு கணக்கப்பிள்ளை செய்ற வேலைதான்.

இப்ப அந்த உச்ச நம்பர் 214 கோடியத் தாண்டி மைனஸ்ல விழுந்தா? 4230-ல இருந்து 4210-ஐக் கழிக்கிற அதே கணக்கை மைனஸ் 214 கோடில போட்டா, மென்பொருளுக்கு "புதுசு எதுவும் இல்ல"ன்னுதான் தோணும். சர்வர்ல செய்தி வந்து குவிஞ்சுக்கிட்டே இருக்கும், உங்க திரைல குழு செத்துப்போன மாதிரி அமைதியா இருக்கும்.

சரி, 214 கோடி செய்திய யாரு எழுதுனா? மனுஷங்க எழுதல. யூஸ்நெட்ல பைனரி குரூப்னு ஒரு வகை இருக்கு, அங்க எழுத்துக்குப் பதிலா படம், பாட்டு, சினிமான்னு கோப்பைத் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனிச் செய்தியா போடுவாங்க. ஒரு டிவிடி 4.7 ஜிபி, அத 700 கேபி துண்டா வெட்டுனா ஒரே டிவிடிக்கு ஆறாயிரத்துக்கும் மேல செய்தி. ஒரு குழுவுல செகண்டுக்கு 100 துண்டு வருதுன்னு வச்சுப் பாருங்க, 214 கோடி தீர 249 நாள் போதும், வருஷம்கூட வேணாம். அதனாலதான் பெரிய பெரிய பைனரி குழுவெல்லாம் காசு வாங்கி நடத்துற சர்வர்கள்ல இந்த எல்லையத் தாண்டிப் போச்சு, படிக்கிற மென்பொருள் செஞ்சவங்க அவசர அவசரமா 64 பிட்டுக்கு மாத்த வேண்டியதாச்சு. கடுதாசி எழுதப் போட்ட தபால்பெட்டில கல்லு மண்ணு ஏத்துனா வேற என்ன ஆகும்.

நியூஸ் சர்வர் எப்படிப் பேசணும்ங்கற விதிக்குப் பேரு என்என்டிபி. 1986-ல வந்த பழைய விதியத் திருத்தி 2006-ல ஆர்எஃப்சி 3977-ன்னு ஒரு புது விதி வெளியிட்டாங்க. அதுல பச்சையாவே எழுதியிருக்கு, செய்தி நம்பர் 1-ல இருந்து 2,147,483,647-க்குள்ளதான் இருக்கணும்னு. ஏன் அந்த நம்பர்னு இப்ப உங்களுக்கே தெரியும். வேடிக்கை என்னன்னா, அதே விதில நம்பர் எழுத 16 இலக்கம் வரைக்கும் எடம் விட்டிருக்காங்க, ஆனா பத்து இலக்கத்துக்கு மேல போகக் கூடாதுன்னு மதிப்புக்குக் கட்டுப்பாடு. வீட்டு வாசலை யானை நுழையிற அளவுக்கு வச்சுட்டு ஆட்டுக்குட்டி மட்டும்தான் வரணும்னு போர்டு மாட்டுன மாதிரி. 64 பிட்டுக்குப் போன சர்வர்காரங்க போர்டைத் தாண்டிதான் போனாங்க.

மனுஷங்க எழுதுன கருத்தே நம்பரைத் தீத்த கதையும் ஒண்ணு இருக்கு. ஸ்லாஷ்டாட்னு ஒரு டெக் செய்தித் தளம், 2006 நவம்பர்ல அதுல கருத்தோட எண்ணிக்கை 16,777,216-ஐத் தொட்டுச்சு. பதில் எந்தக் கருத்துக்குச் சேந்ததுன்னு குறிச்சு வைக்கிற கட்டத்துக்கு அவங்க 24 பிட்தான் கொடுத்திருந்தாங்க, 16,777,215-ஓட எடம் காலி. பதில் எல்லாம் எதுக்குப் பதில்னு தெரியாம அறுந்துபோச்சு. கருத்துக்கு நம்பர் போடுற பெரிய கட்டம் நல்லாத்தான் இருந்துச்சு, அதைக் காப்பி எடுத்து வைக்கிற சின்னக் கட்டம்தான் காலை வாரிடுச்சு. இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

ஆக நியூஸ்குரூப்ல நம்பர் தீர்றது கட்டுக்கதை இல்ல, விதிலயே எல்லை போட்டிருக்கு, பைனரி குழுங்க அத முட்டியும் பாத்திருச்சு.

மெயில்ல ஏன் தீர மாட்டேங்குது

இப்ப மெயில். போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மெயில்பெட்டியப் பாக்குறீங்கல்ல, அதுக்குப் பின்னாடி இருக்குற விதிக்குப் பேரு ஐமேப். இதுல செய்திக்கு ரெண்டு விதமா நம்பர் உண்டு. ஒண்ணு வரிசை நம்பர், கியூல நிக்கிற மாதிரி. முன்னாடி நிக்கிறவரு போயிட்டா நீங்க அஞ்சாவதுல இருந்து நாலாவதா ஆயிடுவீங்க. நடுவுல ஒரு மெயில அழிச்சா பின்னாடி இருக்குறதெல்லாம் ஒண்ணு கொறையும். இன்னொண்ணு யூஐடி, டோக்கன் மாதிரி, ஆஸ்பத்திரில 37-ஆம் நம்பர் டோக்கன் வாங்கிட்டா முன்னாடி எத்தனை பேரு எந்திரிச்சுப் போனாலும் உங்க டோக்கன் 37-தான். ஒரு போல்டருக்குள்ள யூஐடி ஏறிக்கிட்டேதான் போகும், அழிச்ச மெயிலோட நம்பரை இன்னொண்ணுக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டாங்க.

யூஐடி 32 பிட், அதுவும் அன்சைன்டு, அதனால 429 கோடி வரைக்கும். ஒவ்வொரு போல்டருக்கும் தனித்தனியா. நம்ம கோவில் மெயிலுக்கு ஒரு நாளைக்கு 500 மெயில் வருதுன்னே வச்சுக்குவோம், அம்பது வந்தாலே அதிசயம், அப்பவும் 429 கோடி தீர 23,500 வருஷத்துக்கு மேல ஆகும். பொருளாளர் மாமா அதுக்குள்ள கணக்கை யாருகிட்டயாவது ஒப்படைச்சிருப்பாரு.

அப்படியும் ஏதோ ஒரு கோளாறு புரோகிராம் தப்பா ஒரே தாவுல பெரிய யூஐடியப் போட்டுத் தொலைச்சு நம்பர் தீந்துருச்சுன்னா? அதுக்கும் வழி வச்சிருக்காங்க, இந்த எடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கோவில் ரசீது புத்தகம் பாத்திருப்பீங்க. ஒரு புத்தகத்துல 1-ல இருந்து 100 வரைக்கும் ரசீது, முடிஞ்சா அடுத்த புத்தகம், திரும்ப 1-ல இருந்து. ரசீது நம்பர் 45-ன்னு மட்டும் சொன்னா எந்த 45-ன்னு தெரியாது, புத்தகம் 12, ரசீது 45-ன்னா தெளிவா தெரியும். ஐமேப்ல அந்தப் புத்தக நம்பருக்குப் பேரு யூஐடி வேலிடிட்டி. இதுவும் 32 பிட். போல்டரைத் திறக்கும்போதே சர்வர் இதைச் சொல்லிடும். உங்க போன் தான் குறிச்சு வச்ச புத்தக நம்பரும் இதுவும் ஒண்ணான்னு பாக்கும். ஒண்ணுன்னா பழைய குறிப்பை நம்பும், புதுசை மட்டும் எடுத்துக்கும். வேறன்னா, தன்கிட்ட இருக்குற குறிப்பு பூராவும் வேற புத்தகத்தோடதுன்னு புரிஞ்சுகிட்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து எடுக்கும். புதுப் புத்தக நம்பர் பழசை விடப் பெருசா இருக்கணும்ங்கறது விதி, அதனால பல சர்வர்கள் போல்டர் உண்டான நேரத்தையே செகண்டு கணக்குல அந்த நம்பரா போட்டுடும். செகண்டை 1970-ல இருந்து எண்ணுறதால அந்தக் கட்டமும் 2106-ல நெறையும், அப்ப இருக்குறவங்க பாத்துக்கட்டும்.

பாப்3-ன்னு இன்னொரு பழைய முறை இருக்கு, மெயில சர்வர்ல இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எறக்கிக்கிறது. அதுல அடையாளம் நம்பராவே இருக்கணும்னு இல்ல, 70 எழுத்து வரைக்கும் போகிற ஒரு குறியீடு, சர்வர் இஷ்டத்துக்கு வச்சுக்கலாம். அதுலயும் தீர்றதுக்கு ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணையும் சேத்துக் குழப்பிக்கிறாங்க, "மெயில்பாக்ஸ் ஃபுல்"னு வர்ற செய்தி. அது எடம் சம்பந்தப்பட்டது, நம்பர் சம்பந்தப்பட்டது இல்ல. பெரிய படம் ரெண்டு மூணு அழிச்சா சரியாயிடும். ஆனா அவுட்லுக்குங்கற மெயில் மென்பொருளோட பழைய பதிப்புல ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல போனா கெட்டுப்போகும்னு சொல்வாங்களே, அதுல மட்டும் நம்பருக்கும் பங்கு உண்டு, கோப்புக்குள்ள எது எங்க இருக்குன்னு குறிக்கிற நம்பர் சின்னதா இருந்ததுதான் காரணம்.

கட்டத்தை அகலமாக்கினா முடிஞ்சுதா

நம்ம ஊர்ல இத எல்லாரும் அனுபவிச்சிருக்கோம், கம்ப்யூட்டர்ல இல்ல, போன்ல. முன்னெல்லாம் பர்மால சிம் கார்டு லட்சக்கணக்குல கியாட், வச்சிருக்குறவரு பெரிய மனுஷன், மொபைல் நம்பர்ல 09-க்கு அப்புறம் 7 இலக்கம் இருந்தா போதுமா இருந்துச்சு. 2014-ல வெளிநாட்டுக் கம்பெனிங்க வந்து 1,500 கியாட்டுக்கு சிம் வித்தாங்க, ஊரே வாங்குச்சு, 09-க்கு அப்புறம் 9 இலக்க நம்பர் வந்தாச்சு. போன் கம்பெனிக்குப் பிரச்சனை தீந்துச்சு, நமக்குத் தீரல. கடைல அச்சடிச்சு வச்ச பாரத்துல 7 கட்டம்தான், கணக்கு எழுதுற சாப்ட்வேர்ல 7-க்கு மேல அடிக்க விடாது, கோவில் நன்கொடை லிஸ்ட்ல கடைசி ரெண்டு இலக்கம் ஓரத்துல வெட்டுப்பட்டு நிக்கும். எங்க அம்மா டைரில இன்னும் பாதி நம்பர் பக்கவாட்டுல ஏறிப்போய் எழுதியிருக்கும்.

64 பிட்டும் அதே மாதிரிதான். சைன்டுலயே 9,223,372,036,854,775,807 வரைக்கும் போகும், செகண்டுக்கு 100 செய்தி போட்டாலும் தீர 292 கோடி வருஷம். சர்வர் 64 பிட்டுக்குப் போனா போதாது, நம்பரை வாங்குற, சேமிக்கிற, காட்டுற ஒவ்வொரு எடமும் போகணும். ஸ்லாஷ்டாட்ல காலை வாரின அந்தச் சின்னக் கட்டம் மாதிரி எங்கேயாவது ஒண்ணு பதுங்கி இருந்தா போச்சு. ட்விட்டர்ல ஒவ்வொரு பதிவுக்கும் போடுற நம்பர் 2009 ஜூன்ல 2,147,483,647-ஐத் தாண்டினப்போ ட்விட்டர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அதைப் படிக்க வெளி ஆளுங்க செஞ்ச ஆப்புங்கதான் சிலது படுத்துருச்சு. அடுத்த வருஷம் இன்னும் நீளமான நம்பருக்கு மாறினாங்க, அப்ப வந்தது புதுத் தலைவலி, பிரவுசர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்ங்கற புரோகிராம் மொழி 53 பிட்டுக்கு மேல போற முழு எண்ணை சரியா வச்சுக்காது, கடைசி இலக்கம் எல்லாம் பக்கத்து நம்பருக்கு நகந்துரும். கடைசில அதே நம்பரை எழுத்தா ஒருதரம், நம்பரா ஒருதரம்னு ரெண்டா அனுப்ப ஆரம்பிச்சாங்க.

அப்போ கோவில் மெயில்ல என்னதான் ஆச்சு

நம்பர் தீரல, புத்தகம் மாறிடுச்சு. மெயிலை வச்சிருந்த கம்பெனி ராத்திரியோட ராத்திரியா புது சர்வருக்கு மாத்தியிருக்காங்க, நமக்கு ஒரு வார்த்த சொல்லல. ஆபீஸ் கம்ப்யூட்டர் பாப்3-ல ஓடுது, சர்வர்லயும் ஒரு நகல் இருக்கட்டும்னு நான்தான் வச்சிருந்தேன். புது சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் புதுக் குறியீடு போட்டுருச்சு, ஆபீஸ் கம்ப்யூட்டர் தன் குறிப்பைப் பாத்துச்சு, ஒண்ணுகூட ஒத்துப்போகல, சரி எல்லாமே புதுசுபோலன்னு நெனச்சு மூணு வருஷ மெயிலையும் திரும்ப எறக்கிருச்சு. என் போன் ஐமேப்ல இருந்ததால அது புத்தக நம்பர் மாறினதப் பாத்து தன் குறிப்பைக் கழிச்சுட்டு பேசாம திரும்ப எடுத்துக்குச்சு, ரெண்டு ரெண்டா எதுவும் வரல, டேட்டா காசுதான் போச்சு.

நியூஸ்குரூப் காலத்துலயும் இதான் ஜனங்கள அதிகமா படுத்துனது, 214 கோடி இல்ல. சர்வர் மாத்துனா பழைய சர்வரோட 4210-க்குப் புது சர்வர்ல அர்த்தம் இல்ல, ஒண்ணு எல்லாமே படிக்காததா நிக்கும், இல்ல புதுசா வந்தது எதுவுமே கண்ணுக்குத் தெரியாது.

சாயங்காலம் கோவிலுக்குப் போய் ரெண்டு ரெண்டா இருந்த மெயில மெசேஜ் ஐடிய வச்சு ஒத்துப் பாத்து அழிச்சேன், அது கடித எண் ஆச்சே, சர்வர் மாறினாலும் மாறாது, அதனால வேலை சுலபமா முடிஞ்சுது. அதுக்குள்ள கரண்ட் ரெண்டு தரம் போயிட்டு வந்துச்சு. பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்த மாமா, கடைசில மேஜை டிராயர இழுத்து இந்த வருஷத்துக்குன்னு அச்சடிச்சு வந்த ரசீது புத்தகக் கட்டை எடுத்து வச்சாரு. எல்லாத்துலயும் 1-ல இருந்து 100, புத்தக நம்பர் போடுற எடமே இல்ல.

"இதுக்கு என்ன பண்றதுப்பா?"

"கையால எழுதிருங்க மாமா, அட்டைலயும், ஒவ்வொரு ரசீதுலயும்."

மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, சிவப்பு பேனா எடுத்து, முதல் புத்தகத்துல இருந்து எழுத ஆரம்பிச்சாரு.